அப்பா எழுதிய நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எஸ்தர் எழுதுகிறேன். நீங்கள் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்கு வருவேன், பூ வைப்பேன், ஜெபம் பண்ணுவேன், திரும்பிவிடுவேன். உங்களோடு பேசியதில்லை. இப்போது பேச வேண்டியிருக்கிறது. அதுவும் ஊர் கேட்கப் பேச வேண்டியிருக்கிறது.

நம் ஊர் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். அதில் இந்தக் கடிதமும் வரும். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இதை எழுத வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றுமோ? அதை மட்டும் என்னால் ஊகிக்க முடியவில்லை.

மில் பூட்டிய பூட்டு அப்படியே தொங்குகிறது. உள்ளே ஆலமரம் முளைத்து நூற்புக் கூடத்தின் ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. காலையில் ஊர் முக்கில் கங்கைகொண்டான் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. பிள்ளைகள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, காதில் எதையோ செருகிக்கொண்டு ஏறிப் போகிறார்கள். சங்கு ஊதி ஊர் எழுந்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியாது.

மலையிலிருந்து தாமிரபரணி இறங்கும் வேகத்தைப் பார்த்து, அதிலேயே சக்கரம் சுற்றலாம் என்று வெள்ளைக்காரன் கட்டிய மில் இது. அதற்கு முன்னால் இங்கே உடைமரக் காடுதான் இருந்தது என்பீர்கள். ஆற்றை மறித்து அணை கட்டி, மில்லுக்குள் ஒரு வாய்க்காலை வெட்டிவிட்டான். மழையை நம்பிக் காய்ந்து கிடந்த ஊர்களிலிருந்து சனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தார்கள். லைன் லைனாக வீடுகள் எழும்பின. நாலாவது லைனில் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் நாம். ஐந்தாவது லைனில் சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிறவர்கள். தலையில் பஞ்சுத்தூசி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கும். பிறகு கரண்ட் வந்தது. சக்கரம் நின்றது. ஆனாலும் பாய்லருக்கும் சாயப்பட்டறைக்கும் அதே வாய்க்கால்தான்.

அந்த வாய்க்காலின் தலைமாட்டில் இருந்த இரும்பு ஷட்டருக்கு நீங்கள்தான் காவல். முப்பத்தொரு வருஷம். தூக்குவதும் இறக்குவதும் உங்கள் கை. தண்ணீர் எத்தனை அடி ஓடுகிறது என்று மூன்று வேளையும் நோட்டில் எழுதுவீர்கள். ஆபீஸுக்குத் தினம் ஒரு சீட்டுப் போகும். நோட்டு உங்களிடமே இருக்கும். மில்லை மூடிய அன்று மற்றவர்கள் நாற்காலி, மின்விசிறி என்று கிடைத்ததைத் தூக்கி வந்தபோது, நீங்கள் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தது அந்தப் பதினேழு நோட்டுகளைத்தான். அம்மா திட்டித் தீர்த்தாள். நீங்கள் சாக்கைப் பரணில் ஏற்றினீர்கள்.

போன வருஷம் மில் நிலம் கைமாறியது. வாங்கியவர்கள் வாய்க்காலை மூடி, மனை போட்டு விற்கப்போவதாகக் கல் நட்டார்கள். இரண்டு லாரி மண்ணும் கொட்டிவிட்டார்கள். அது செத்துப்போன மில் வாய்க்கால், தனியார் இடம், யாருக்கும் பாதிப்பில்லை என்று சொன்னார்கள்.

உங்களுக்குத் தெரியும், மலையடி ஓடைத் தண்ணீர் மழைக்காலத்தில் அந்த வாய்க்காலில் விழுந்துதான் ஆற்றுக்குப் போகும். அதை மூடினால் ஓடை எங்கே போகும்? நேரே நாலாவது லைனுக்கும் ஐந்தாவது லைனுக்கும்தான். ஷட்டரை இறக்கி ஆற்றுத் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கும்போதே வாய்க்கால் கரை தட்டி ஓடியதை நானே சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்த்தேன் என்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்? போன மழைக்கு ஓடைத் தண்ணீர் வந்ததே என்றதற்கு, ஒரு வருஷம் வந்ததை வைத்து முடிவெடுக்க முடியாது என்றார்கள்.

இதை எதிர்த்து முதலில் மனுப் போட்டது செல்வி. ஐந்தாவது லைன் செல்வி. என்னோடு எட்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவள். அவளுடைய தகப்பனார் மாடசாமி அந்த வாய்க்காலில்தான் செத்துப்போனார். அந்த வருஷமே அவள் பள்ளிக்கூடத்தை விட்டு, அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றினாள். இப்போது தையல் கடை வைத்திருக்கிறாள். லைன் வீட்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறவள் அவள்தான்.

ஒருநாள் நான் சேரன்மகாதேவியில் பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறேன், அவள் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏட்டி எஸ்தரு, ஒங்கப்பா தெனமும் நோட்டுல எழுதுவாவல்லா? அதெல்லாம் இருக்கா?”

“இருக்கும்னு நெனைக்கேன்.”

“நெனைக்கேன்னு சொல்லாத. பரண்ல ஏறித் தேடு. எந்த மழைக்கு எத்தன அடி வந்துதுன்னு அதுல இருக்கும்லா? அது மட்டும் இருந்துட்டா நாம பொழச்சோம்.”

அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தை வெகுகாலத்துக்குப் பிறகு பார்த்தேன் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து வந்து, மத்தியானம் சாக்கை இறக்கினேன். உங்கள் எழுத்து, சாய்ந்த எழுத்து, ஒரு அடித்தல் கிடையாது. ‘ஷட்டர் இறக்கியிருக்கிறது. ஓடைத் தண்ணீர் ஐந்தடி.’ ‘ஷட்டர் இறக்கியிருக்கிறது. ஓடைத் தண்ணீர் ஆறரை அடி, கரை தட்டுகிறது.’ ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று வருஷா வருஷம். இதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும்? செல்விக்குப் போன் போடலாமென்று எழுந்தேன். ஒரு நோட்டுத்தான் பாக்கி, அதையும் பார்த்துவிட்டுப் போடலாமென்று மறுபடி உட்கார்ந்தேன்.

அது ஆறாவது நோட்டு. மில் ஆபீஸில் பக்க எண் அச்சுக் குத்திய நோட்டு. நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம். நீங்கள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்.

‘காலை ஏழே முக்கால். பாய்லருக்குத் தண்ணீர் இல்லை என்று சூப்பர்வைசர் வந்து சத்தம் போட்டார். கிராதியில் ஆள் இருக்கிறது என்றேன். ஏறியிருப்பான், நீர் ஷட்டரைத் தூக்கும் என்றார். மணி அடிக்காமல் ஷட்டரைத் தூக்கினேன். மாடசாமி கீழே இருந்தான்.

சாயங்காலம். குடித்துவிட்டு இறங்கினான் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அவன் குடிக்கவில்லை. காலையில் என்னிடம் பேசிவிட்டுத்தான் இறங்கினான்.

தண்ணீர் நாலடி.’

அவ்வளவுதான். மறுநாள் பக்கத்தில் வழக்கம்போல மூன்று வேளை அளவு.

கிராதி என்று நாம் சொன்னது வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட இரும்புக் கம்பித் தடுப்பை. அதில் சிக்கும் தழையையும் குப்பையையும் வாரி எடுக்க ஆள் இறங்குவார். ஷட்டரடியில் நின்றால் கிராதி தெரியாது, வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதனால்தான் அங்கே ஒரு மணி. மணி அடித்து, ஆள் மேலே ஏறி வந்து கை காட்டிய பிறகுதான் ஷட்டரைத் தூக்க வேண்டும். எங்களுக்கே தெரிந்த சட்டம் அது. உங்களுக்குத் தெரியாதா?

நான் அன்று சாயங்காலம் வரை சாக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. திருவிருந்து ஞாயிறுகளில் அப்பமும் ரசமும் வாங்கச் சபை முழுவதும் எழுந்து பீடத்துக்குப் போகும். மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்பார்கள். நீங்கள் மட்டும் பெஞ்சிலேயே இருப்பீர்கள். “அப்பா ஏன் போகல?” என்று கேட்டால், “எனக்கு வயிறு சரியில்ல, நீ போயிட்டு வா” என்பீர்கள். எத்தனை வருஷம் வயிறு சரியில்லாமல் இருக்கும் ஒரு மனுஷனுக்கு? நானும் அதற்குமேல் கேட்டதில்லையே.

ஐந்தாவது லைன் வழியாகப் போனால் ஆற்றுக்குச் சீக்கிரம் போய்விடலாம். நீங்கள் சுற்றிப் பள்ளிக்கூடத் தெரு வழியாகத்தான் போவீர்கள். அதையும் நான் கேட்டதில்லை.

குடித்துவிட்டு இறங்கியவன் என்று மில்லில் எழுதிவிட்டதால், மாடசாமி மாமா சாவுக்குப் பதிலாக அவர் வீட்டில் ஒருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. அவர் மனைவி பேச்சி அத்தை மில் கேட் வாசலில் போய் அழுது பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் செல்வியைப் பிள்ளைகள் குடிகாரன் மகள் என்றார்கள். அப்பா, நானும் ஒருதரம் சொல்லியிருக்கிறேன். ஏதோ சண்டையில் சொன்னேன். அன்று வீட்டுக்கு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தச்சநல்லூருக்குப் போனேன், தம்பி சாமுவேலிடம். அவன் வாசித்தான். நோட்டை மூடி, என் மடியில் வைத்தான்.

“யக்கா, மத்த நோட்டெல்லாம் குடு. இந்த ஒரு தாள மட்டும் எடுத்துரு.”

“எப்பிடிலே எடுக்க?”

“பிளேடு வச்சு எடுத்துரு. மழத்தண்ணிக்கும் இந்தத் தாளுக்கும் என்ன சம்பந்தம்?”

“செல்விக்குத் தெரியாண்டாமா?”

“நாப்பது வருசத்துக்கு மேல தெரியாமத்தான இருந்தா? இப்பத் தெரிஞ்சு என்ன செய்யப்போறா? போனவரு திரும்பி வரப்போறாரா? அப்பா பேரு சொன்னா இன்னைக்கும் சபையில எந்திரிச்சு நிக்காவ. அத நீயே சந்தியில இழுத்துப் போடப் போறியா?”

அவன் அழுதான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதைத்தான் கேட்க விரும்பினேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால் பஸ் ஏறி அவ்வளவு தூரம் போவேனா?

மறுநாள் காலையில், அடுப்பில் பால் இருக்கிறது, நான் பிளேடை எடுத்தேன். தையல் ஓரமாக வைத்து, ஸ்கேல் பிடித்து, நேராக வெட்டினேன். கிளார்க் கை அப்பா, கோணல் வராது. பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது. தாளை எரிக்கத் தீப்பெட்டியும் எடுத்தேன். உங்கள் எழுத்து. எரிக்க முடியவில்லை. வீட்டில் வைக்கவும் பயம். பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கைப்பைக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் கோவிலுக்கும் அந்தத் தாள் என்னோடு வந்தது.

பதினேழு நோட்டுகளையும் செல்வியிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “மாமா எழுத்து முத்து முத்தா இருக்கு பாரு” என்றாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விசாரணை சேரன்மகாதேவியில் நடந்தது. நாங்கள் முப்பது பேர் போயிருந்தோம். பஸ்ஸில் செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்து, பயமாயிருக்கிறது என்று என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கைப்பை என் மடியில் இருந்தது. அதன்மேல்தான் அவள் கை.

விசாரித்த அதிகாரி ஒரு அம்மாள், என்னைவிடச் சின்ன வயது. நோட்டுகளை நிதானமாகப் புரட்டினார். ஓடைத் தண்ணீர் என்று இருந்த இடங்களில் சீட்டு வைத்துக்கொண்டே போனார். நாலாவது நோட்டு முடிந்தபோது எதிர்த்தரப்பு ஆட்கள் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசினார்கள். அவர்களுடைய வக்கீல் எழுந்து, தானும் பார்க்க வேண்டும் என்று அடுக்கிலிருந்து ஒன்றை வாங்கினார். அது ஆறாவது நோட்டு.

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டுகிறார். நூறு. நூற்றுப் பத்து. என்னால் எண்ணுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. ஒரு இடத்தில் நின்றார், பின்னால் புரட்டினார், மறுபடி முன்னால் புரட்டினார். பிறகு சிரித்தார்.

“மேடம், நூத்திப் பன்னெண்டுக்கு அடுத்தாப்புல நூத்திப் பதினஞ்சு வருது. நடுவுல ஒரு தாள் இல்ல. வேண்டாததை எடுத்திருக்காங்க. எடுத்தவங்க வேண்டியதைச் சேர்த்திருக்க மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்? இந்த நோட்டு ஒண்ணையும் ஆதாரமா ஏத்துக்கக் கூடாது.”

அதிகாரி நோட்டை வாங்கிப் பார்த்தார். வைத்த சீட்டுகள் எல்லாம் மேஜைமேல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றன. என்னைப் பார்த்தார்.

“நோட்டு உங்க வீட்டுலதானே இருந்தது? எங்கம்மா அந்தத் தாள்?”

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி எழுந்துவிட்டாள்.

“அம்மா, அது பழைய நோட்டு. பரண்ல கெடந்தது. கரையானோ எலியோ தின்னுருக்கும். இவ ஞானமுத்து மாமா மக. அந்த வீட்டுல பொய் சொல்லுத ஆளே கெடையாது. எங்க லைன்ல யார வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.”

“எலி பிளேடு வச்சா வெட்டும்?” என்றார் வக்கீல். பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். ‘நீ சொல்லு’ என்கிற பார்வை. அந்த ஒரு நிமிஷத்தில் என்னால் பொய் சொல்லியிருக்க முடியும் அப்பா. தெரியாது, பரணிலிருந்து எடுக்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றால் போதும். நோட்டு தள்ளுபடியாகும், வாய்க்கால் போகும், உங்கள் பேர் நிற்கும். அவள் எனக்காக எழுந்து நிற்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

“நான்தான் வெட்டுனேன்” என்றேன்.

கைப்பையைத் திறந்து கவரை எடுத்தேன். அதிகாரி கையை நீட்டினார்.

“அம்மா, மன்னிக்கணும். இத மொதல்ல இவதான் வாசிக்கணும். இவ அய்யாவப் பத்தி எழுதியிருக்கு” என்றேன்.

அதிகாரி என்ன நினைத்தாரோ, தலையசைத்தார். செல்வி ஒன்றும் புரியாமல் வாங்கினாள். கண்ணாடியைத் தேடினாள். அது அவள் தலையிலேயே இருந்தது. இறக்கிப் போட்டுக்கொண்டு வாசித்தாள். எட்டாவதோடு நின்றவள், விரல் வைத்துத்தான் வாசிப்பாள். அந்த விரல் நகருவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்பவும் வரியின் தொடக்கத்துக்கு வந்தது.

“அவன் குடிக்கவில்லை” என்று சத்தமாக வாசித்தாள்.

இன்னொரு தரமும் வாசித்தாள். யாருக்கும் சொல்வதுபோல இல்லை. பிறகு தாளை அதிகாரி மேஜையில் வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் வெளியே போய்விட்டாள். பின்னால் ஓடினேன். அவள் ரோட்டைத் தாண்டி, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அதிகாரி அந்தத் தாளை நோட்டில் பொருத்திப் பார்த்தார். வெட்டு ஓரம் மயிரிழை பிசகாமல் சேர்ந்தது. நான் செய்தது தப்பு என்று சொன்னார், அதைப் பதிவும் செய்தார். பிறகு, தன்மேல் விழும் பழியையே இப்படி எழுதி வைத்த ஆள் தண்ணீர் அளவைப் பொய்யாக எழுத வேண்டிய அவசியம் என்ன என்று வக்கீலைக் கேட்டார். அவர் உட்கார்ந்துவிட்டார். பொதுப்பணித்துறை இன்ஜினியர்கள் வந்து அளந்து அறிக்கை கொடுக்கும் வரை வாய்க்காலில் ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது, கொட்டியதையும் அள்ள வேண்டும் என்று உத்தரவானது.

ஜெயித்த மாதிரித்தான். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

ஊருக்குள் சங்கதி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. சாமுவேல் போனில் இரண்டு வார்த்தை பேசினான், ‘நல்லா இருக்கா’ என்று. நலம் விசாரிக்கவில்லை, கேலியாகக் கேட்டான். அதற்குப் பிறகு எடுப்பதில்லை. கோவிலில் சிலர் விலகி உட்கார்ந்தார்கள். உங்களோடு வேலை பார்த்த அண்ணாச்சி ஒருவர் மட்டும் வாசலில் என்னை நிறுத்தி, “எங்களுக்குத் தெரியும் தாயி. நாலஞ்சு பேருக்குத் தெரியும். வேல போயிரும்னு வாயப் பொத்திக்கிட்டோம். பையப் பைய எல்லாரும் மறந்தாச்சு” என்றார். மறந்தது யார் அப்பா? ஐந்தாவது லைனில் ஒருத்தி மறந்தாளா?

பத்தொன்பது நாள் செல்வி என் பக்கம் வரவில்லை. தையல் கடை வழியாகப் போகும்போது தலை நிமிர மாட்டாள். இருபதாம் நாள் சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கேட் அருகே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“எங்கம்மா ஒன்ன வரச்சொல்லுதா.”

“நீ சொல்லலையா?”

“சொன்னேன். ஞானமுத்தண்ணன் மக வாயால கேக்கணுமாம். அந்தத் தாளு நகல் வச்சிருக்கல்லா? எடுத்துட்டு வா.”

நாலாவது லைனிலிருந்து ஐந்தாவது லைனுக்கு எத்தனை எட்டு வைக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே போனேன். எண்பது இருக்கும். பேச்சி அத்தை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மங்கிவிட்டது. என் கையைத் தடவிப் பார்த்து, பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நான் வாசித்தேன். முழுவதும் வாசித்தேன், ‘தண்ணீர் நாலடி’ வரைக்கும்.

“அந்த எடத்த இன்னொருக்கா வாசி.”

எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. வாசித்தேன்.

“பழஞ்சோத்து நீத்தண்ணி குடிச்சிட்டுப் போனாரு மனுசன்” என்றாள். “ரெண்டு செம்பு நீத்தண்ணி. உப்புக் கொறவா இருக்குன்னு ஏசிட்டுப் போனாரு. நான் கேட் வாசல்ல நின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. கடைசியில எனக்கே சந்தேகம் வந்துட்டு, வழியில எங்கயும் குடிச்சிருப்பாரோன்னு. நாப்பது வருசம் அந்த மனுசன சந்தேகப்பட்டுட்டேன் பாத்துக்கோ.”

செல்வி கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அத்தை என் கையை விடவில்லை.

“ஒங்கப்பா எங்க தெருப்பக்கம் வாரதே இல்ல. குடிகாரன் வீடுன்னு அண்ணன் வெறுக்காவ போலன்னு நெனச்சேன். இப்பத்தான வெளங்குது. எழுதி வச்சவக எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்லா? சூப்பர்வைசரு போயாச்சு, மில்லையும் மூடியாச்சு. அதுக்கப்புறமாவது வந்திருக்கலாம்லா? நான் என்ன அடிக்கவா போறேன்?”

இதை உங்களிடம் கேட்கச் சொல்லவில்லை, என்னிடம்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன். மில் மூடிய பிறகு பதினோரு வருஷம் நீங்கள் உயிரோடு இருந்தீர்கள். எங்கள் சாப்பாட்டுக்குப் பயந்து அன்று கையெழுத்துப் போட்டீர்கள், அது எனக்கு விளங்குகிறது. அந்தப் பதினோரு வருஷம்தான் விளங்கவில்லை. ஒருநாள் யாராவது வாசிக்கட்டும் என்றுதான் சாக்கில் கட்டி வைத்தீர்களா? வாசிக்கப்போவது உங்கள் மகள் என்று யோசித்தீர்களா?

வெளியே வந்ததும் செல்வி சொன்னாள். “எஸ்தரு, ஒங்கப்பாவ என்னால மன்னிக்க முடியல. பிளேடு எடுத்தேல்லா, ஒன்னயும் இப்ப முடியல.”

“சரி.”

“ஆனா அந்தப் பொய்த்தாளு இன்னும் ஏதோ ஒரு ஆபீஸ்ல கெடக்கும்லா? எங்கய்யா பேருக்கு நேரா குடிகாரன்னு எழுதி. அத மாத்தணும். எங்கம்மா கண்ண மூடுததுக்குள்ள மாத்தணும். எங்கன எழுதிக் கேக்கணும், எப்பிடி எழுதணும்னு எனக்குத் தெரியாது. நீ கிளார்க்கு. நீ எழுது.”

அன்றே எழுத உட்கார்ந்தேன். நாலு தடவை எழுதிக் கிழித்தேன். பள்ளிக்கூடத்தில் ஆயிரம் மனு எழுதியிருக்கிறேன், இப்படிக் கை ஓடாமல் இருந்ததில்லை. ‘என் தகப்பனார்’ என்று தொடங்கும் வரி ஒவ்வொரு தரமும் நின்றுவிட்டது. கடைசியில் நேற்று முடித்தேன். நடந்தது இன்னது, செய்தவர் இன்னார், செய்யச் சொன்னவர் பதவி இது, பொய்யென்று அறிந்தே கையெழுத்திட்டவர் என் தகப்பனார் ஞானமுத்து. செல்வி விரல் வைத்து முழுவதும் வாசித்தாள். ஒரு வார்த்தையையும் மாற்றச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் இன்ஜினியர்கள் வாய்க்காலை அளக்க வருகிறார்கள். ஷட்டரடியில் நான் நிற்கச் செல்வி சொல்லியிருக்கிறாள், கிராதியருகே அவள் நிற்பாளாம். அறிக்கை எப்படி வருமோ தெரியாது. வாங்கியவர்கள் மேலே போவோம் என்று மிரட்டுகிறார்கள். மேகம் மலையில் இப்போதே இறங்கத் தொடங்கிவிட்டது. கொட்டிய மண்ணில் ஒரு லாரிதான் அள்ளியிருக்கிறார்கள்.

ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் மில்லைக் கட்டியவர்கள் படம் இருக்கிறது, தேர் படம் இருக்கிறது, நம் கோவில் கோபுரப் படமும் இருக்கிறது. அவற்றோடு நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தையும் அச்சிடக் கொடுத்துவிட்டேன், உங்கள் கையெழுத்திலேயே. புத்தகம் போடுகிறவர்கள் தயங்கினார்கள். போடாவிட்டால் மற்ற நோட்டுகளும் கிடையாது என்றேன்.

அப்பா, உங்கள்மேல் கோபம் இருக்கிறது. பாசமும் இருக்கிறது. ஒன்று வந்து மற்றதைத் துடைக்கும் என்று பார்த்தேன், இல்லை. ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். மாடசாமி மாமா பேரிலுள்ள பொய் மாறும் வரை எந்த ஆபீஸ் படியானாலும் ஏறுவேன். எவர் கேட்டாலும் யார் கை அந்த ஷட்டரைத் தூக்கியது என்று மறைக்காமல் சொல்வேன். அதே வாயால், அதை எழுதி வைத்ததும் அந்தக் கைதான் என்று சொல்வேன்.

மனுவோடு சேர்க்கும் படிவத்தில் செல்வி கையெழுத்துக்குப் பக்கத்தில் எனக்கும் ஓரிடம் இருந்தது. என் பெயரை எழுதினேன். அடுத்த கட்டத்தில் தகப்பனார் பெயர் என்று கேட்டிருந்தது. சுருக்காமல், ஒரு எழுத்தும் விடாமல், உங்கள் பெயரை எழுதினேன்.

உங்கள் மகள்,
எஸ்தர் ஞானமுத்து
நாலாவது லைன்